சரிந்த கோபுரமும் எரிந்த ஏடுகளும்

மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியர், ஒவ்வொரு மெய்ப்பாடும் தோன்றுதற்குரிய நிலைக்களங்களை நந்நான்காகக் கூறுகின்றார். அவற்றுள் இரண்டு, இளையோர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட இலக்கியத்தை ஆராயப் புகுவார்க்குப் பெரிதும் துணைசெய்வன. நகைக்குரிய நிலைக்களங்களுள் இளமையையும், உவகைக்குரியவற்றுள் விளையாட்டையும் அவர் வைத்துள்ளார். செல்வத்தோடும் கல்விப்பயனாகிய அறிவோடும் ஒரு நிரையில் வைத்து எண்ணத்தக்க தகுதி விளையாட்டுக்கு உண்டென்பது அவர் கருத்தாதல் வேண்டும். பின்வந்த திறனாய்வாளர் பலர்க்கு இத்துணைத் துணிவு இருந்ததில்லை. காதலும் வீரமும் துறவும் பேசும் நூல்களுக்கு விரிவான ஆராய்ச்சிகள் எழுந்தன. ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாலைப் பொழுதில் ஆடிய நாடகத்தையும், அவர்கள் விரும்பிப் படித்த கதைகளையும், பண்டிகை நாளில் அவர்கள் அடைந்த மகிழ்ச்சியையும் பேசும் நூலோ ‘சிறுவர்க்குரியது’ என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கப்பட்டது.

அவ்வாறு ஒதுக்கப்பட்டும் அழியாது நின்ற நூல்களுள் ஒன்று, அமெரிக்க எழுத்தாளராகிய லூயிசா மே அல்கொற் அம்மையார் இயற்றிய ‘லிற்றில் விமின்’ என்னும் நாவல். ‘சிறு மகளிர்’ என அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். முதற் பாகம் 1868 ஆம் ஆண்டிலும் இரண்டாம் பாகம் 1869 ஆம் ஆண்டிலும் பொஸ்ரன் நகரத்து ரொபேட்ஸ் சகோதரர் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டன. பெண்பிள்ளைகளுக்கென ஒரு கதை வேண்டுமென்று பதிப்பாளராகிய தோமஸ் நைல்ஸ் கேட்க, அம்மையார் அரைமனத்தோடு எழுதத் தொடங்கினார். தம் உடன்பிறந்தாரையன்றிப் பிற பெண்பிள்ளைகளைத் தாம் அதிகம் அறிந்ததில்லை என்று தம் நாட்குறிப்பிற் குறித்திருக்கின்றார். அறிந்ததையே எழுதினமையால் நூல் பிழைத்தது. அவருடைய தமக்கை ஆனாவும் தங்கையர் எலிசபெத்தும் மேயும் முறையே மெக், பெத், ஏமி என்னும் பாத்திரங்களாயினர். அவரே ஜோ ஆனார். கதை தொடங்கும்போது மூத்தவளாகிய மெக்குக்கு வயது பதினாறு, ஜோவுக்குப் பதினைந்து, பெத்துக்குப் பதின்மூன்று, ஏமிக்குப் பன்னிரண்டு. தந்தையார் உள்நாட்டுப் போரிலே படைக்குருவாகப் பணியாற்றச் சென்றுவிட்டார். வீட்டிலே வறுமை, அன்னையின் பொறுப்பிலே நான்கு பெண்கள். இதுவே நாவலின் களம்.

இந்நூலைப் போற்றுவோர் பெரும்பாலும் அதன் அறவுரையைப் போற்றுகின்றனர். குறைகூறுவோரும் அவ்வறவுரையையே குறைகூறுகின்றனர். இரு சாராரும் கவனியாத ஒரு வினா இந்நாவலின் நடுவே கிடக்கின்றது. இளையோர் விரும்பிப் படிப்பனவும், அவற்றைப் பின்பற்றி அவர்கள் எழுதுவனவும் பெரும்பாலும் முதிராதனவாய், மிகைப்பட்டனவாய், சிலவேளை மலிவானவாயும் இருக்கும். அவற்றை என்ன செய்வது என்பதே அவ்வினா. நாவல் இதற்கு இரண்டு விடைகளைத் தருகின்றது. ஒன்று நகை, மற்றொன்று நெருப்பு. இரண்டாவதே உயர்ந்ததென்று நூல் வெளிப்படையாகச் சொல்லுகின்றது; ஆனால் நூலின் கலைத்திறமோ முதலாவதற்கே சான்று பகருகின்றது. இம்முரண்பாட்டை விளக்குதல் இந்நூலை அறிவதற்கு இன்றியமையாதது.

மார்ச் குடும்பத்துப் பெண்கள் எதனைப் படித்தாலும் அதனை ஆடிப் பார்ப்பவர்கள். பன்யன் எழுதிய மோட்சப் பிரயாண நூல் தமிழுலகிற்குப் புதியதன்று, எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதனைத் தழுவியே தமது ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காவியத்தை இயற்றி 1894 இல் வெளியிட்டார். கிருஷ்ணபிள்ளை கம்பனது சாயல் தோன்றப் பாடிய அதே பயணத்தை மார்ச் வீட்டுச் சிறுமியர் வேறொரு வழியிலே தமதாக்கிக்கொண்டனர். வீட்டின் நிலவறை அவர்களுக்கு நாசபுரி, மொட்டைமாடி மோட்சபுரி. துணிப்பைகளை முதுகிலே பாவச்சுமையாகக் கட்டிக்கொண்டு கீழிருந்து மேலே ஏறுவர். பிற்காலத்தில் அன்னை அவர்களுக்கு அறஞ்சொல்ல நேரும்போது இவ்விளையாட்டையே நினைவூட்டுகின்றாள். சமய நூலொன்று விளையாட்டாகி, விளையாட்டு மீண்டும் வாழ்க்கை நெறியாகும் முறையை இதைவிட இயல்பாகக் காட்டுதல் அரிது.

டிக்கின்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ என்னும் நாவலுக்கும் இதே கதி நேர்ந்தது. நான்கு பெண்களும் ஒரு சங்கம் அமைத்து, அந்நாவலின் ஆண் பாத்திரங்களுடைய பெயர்களைத் தமக்குச் சூட்டிக்கொள்கின்றனர். மூத்தவள் மெக், தலைவராகிய சாமுவேல் பிக்விக், எழுத்தார்வமுடைய ஜோ, ஸ்நோட்கிறாஸ், பெத், ரப்மன், ஏமி, விங்கிள். சனிக்கிழமை தோறும் மாலையிற் கூட்டம். வாரந்தோறும் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை. கையெழுத்துச் சஞ்சிகை நடத்தி அறிந்த எந்தத் தமிழ் மாணவனுக்கும் இக்காட்சி அயலானதாகத் தோன்றாது. விடயதானம் குறைதல், ஆசிரியர் சினத்தல், கவிதை என்ற பெயரில் எதுகை மட்டும் வருதல் ஆகிய யாவும் ஆங்கு உள. காணாமற்போன பூனைக்கு ஓர் இரங்கற்பா, நிலவறையில் நிகழ்ந்த விபத்துப்பற்றிய செய்தி, பூசணி இனத்துக் காயொன்றின் வரலாறு, நிறுத்தக்குறியே இல்லாத ஏமியின் மன்னிப்புக் கடிதம், இறுதியில் நால்வரின் வாராந்த நடத்தைக்குத் தனித்தனி மதிப்பீடு ஆகியவை ஓர் இதழிலே காணப்படுவன. மெக் நன்று, ஜோ தீது, பெத் மிக நன்று, ஏமி நடுத்தரம் என்பதே அவ்வார மதிப்பீடு.

இவ்விதழை அல்கொற் அம்மையார் சுருக்கிச் சொல்லாது முழுமையாகவே நாவலிற் பதித்துவிட்டார். உண்மையான சிறுமியர் ஒருகாலத்தில் உண்மையாகவே எழுதிய இதழின் படி அது என்றும் உறுதி கூறுகின்றார். ஈண்டு மெக் எழுதிய கதையொன்று ஊன்றி நோக்கற்பாலது. களம் வெனிஸ் நகரம்; பொருள் முகமூடியணிந்து நிகழும் ஒரு திருமணம். பிரபுக்கள், ஆள்மாறாட்டம், இறுதியில் வெளிப்படும் இரகசியம் என அக்காலத்து மலிவுப் பத்திரிகைகளில் வந்த கதைகளின் கூறுகள் பலவும் அதில் உள்ளன. அம்மையார் அதனைக் கண்டிக்கவில்லை, திருத்தவுமில்லை. பூனையின் இரங்கற்பாவுக்கும் பூசணியின் வரலாற்றுக்கும் அருகே அதனை வைத்தார். அந்த அயலே அதற்கு ஏற்ற திறனாய்வாகிவிட்டது. வெனிஸ் நகரத்துப் பிரபுவைப் படித்த கண் அடுத்த பத்தியிலே பூசணிக்காயைக் காணும்போது, பிரபுவின் பகட்டுத் தானாகவே தணிந்துவிடுகின்றது.

நாடகமும் இவ்வாறே. கிறிஸ்மஸ் தினத்துக் காலையில் அப்பெண்கள் தமது உணவை ஹம்மல் என்னும் வறிய ஜேர்மானியக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுகின்றனர். அன்று மாலை சூனியக்காரியின் சாபத்தைப் பற்றிய நாடகம் ஒன்றை அரங்கேற்றுகின்றனர். ஆடவர்க்கு அனுமதி இல்லாமையால் ஆண் வேடங்களை ஜோவே ஏற்கின்றாள். நண்பர் கொடுத்த தோற் காலணிகள் அவளுடைய பெருஞ் செல்வம். காதல் மருந்தும் கொல்லும் நஞ்சும், சிறைச்சாலையும் மாறுவேடமும் அந்நாடகத்தில் மலிந்துள்ளன. கோபுரத்தின்மேல் நிற்கும் காதலியைக் காதலன் அழைத்துச்செல்ல வருகின்றான். அவள் இறங்க முயலும்போது அவளுடைய நீண்ட ஆடை சாளரத்திற் சிக்க, கோபுரம் ஆடிச் சரிந்து காதலர் இருவரையும் மூடிவிடுகின்றது. கொடிய தந்தையாக நடிக்கும் மெக் மேடையில் விரைந்து புகுந்து, எவரும் சிரியாது நடப்பது சரியாகவே நடப்பதுபோல நடிக்கும்படி மெல்லச் சொல்லி, ஆட்டத்தைத் தொடர்கின்றாள். நாடகம் முடிந்து கைதட்டல் எழும் வேளையிற் பார்வையாளர் அமர்ந்திருந்த மடக்குக் கட்டில் மடிந்து அவர்களையும் விழுங்கிவிடுகின்றது. எல்லாருடைய நகைப்போடும் விழா நிறைவெய்துகின்றது. அடுத்த வீட்டு முதியவர் அனுப்பிய ஐஸ்கிறீமும் பழங்களும் மலர்களும் மேசையில் அவர்களை எதிர்பார்த்திருக்கின்றன.

இக்காட்சி வெறும் வேடிக்கைக்காக எழுதப்பட்டதன்று. மிகையுணர்ச்சி தன் எல்லையைக் கடக்கும்போது கோபுரம் சரிகின்றது. சரிந்தவுடன் நகை எழுகின்றது. நகை எழுந்தபின்னும் ஆட்டம் நிற்பதில்லை. இளையோர் கலையின் இயல்பான திருத்தமுறை இதுவே. எவரும் நாடகத்தைத் தடைசெய்யவில்லை. எவரும் நஞ்சும் சிறையும் தீய பொருள் என்று போதிக்கவில்லை. அடுத்த முறை கோபுரத்தை இன்னும் உறுதியாகக் கட்டவேண்டும் என்பதே அன்றைய பாடம்.

அன்னையின் கல்விமுறையும் இதனோடு ஒத்ததே. வேலையே செய்யாமல் ஒரு வாரம் முழுவதும் விளையாடிக் கழிக்க விரும்புகின்றனர் பிள்ளைகள். அன்னை மறுக்கவில்லை. வார இறுதியில் தானும் ஓய்வெடுத்துக்கொண்டு, பணிப்பெண்ணுக்கும் விடுமுறை அளித்துவிடுகின்றாள். ஜோ சமைத்த விருந்திலே பழத்தின்மேல் சர்க்கரைக்குப் பதிலாக உப்புத் தூவப்படுகின்றது, பாலாடை புளித்துவிடுகின்றது. விருந்தினர் முதலில் விழுங்க முயன்று, பின் கண்ணீர் வருமளவும் சிரிக்கின்றனர். ஆயினும் அதே வாரத்தில், இரைவைக்க மறந்தமையால் பெத்தின் கூண்டுப் பறவை இறந்துபோகின்றது. நகையால் ஆற்றத்தக்க பிழையும் உண்டு, ஆற்றவொண்ணாத பிழையும் உண்டு என்பதை இரண்டு நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்து அம்மையார் உணர்த்துகின்றார். விளையாட்டின் எல்லையைச் சொல்லும் பகுதி இதுவே. அவ்வெல்லையும் விளையாட்டின் உள்ளிருந்தே தோன்றுகின்றது.

இனி நெருப்பைப்பற்றி நோக்குதல் வேண்டும். நாவலிலே ஜோவின் எழுத்து இருமுறை எரிகின்றது. முதல் நெருப்பு ஏமியின் கையால் நிகழ்வது. மூத்தவர் இருவரும் அயல்வீட்டு இளைஞனாகிய லோறியோடு நாடகம் பார்க்கச் செல்கின்றனர். ஏமி அழைக்கப்படவில்லை. கூடவரக் கெஞ்சியவளை ஜோ கடிந்து விலக்க, அவள் பழிவாங்குவதற்காக ஜோவின் கையெழுத்துப் புத்தகத்தை எரித்துவிடுகின்றாள். ஆறே ஆறு தேவதைக் கதைகள். ஆயின் பல ஆண்டு உழைப்பு. தந்தை திரும்புமுன் முடித்துவிட எண்ணி அழகாகப் படியெடுத்துப் பழைய தாள்களையும் அழித்துவிட்டாள் ஜோ. பிறர்க்கு அது சிறு இழப்பாகத் தோன்றினும் அவளுக்கு அது பேரிழிவாயிற்று என்று நாவல் தெளிவாகச் சொல்லுகின்றது. மன்னிக்க மறுத்த ஜோ, உறைந்த ஆற்றிலே பனிச்சறுக்கு ஆடச் செல்லும்போது பின்தொடர்ந்த தங்கையை எச்சரிக்காது விட, மெல்லிய பனி உடைந்து ஏமி நீரில் வீழ்கின்றாள். லோறியின் விரைந்த செயலால் உயிர் தப்புகின்றாள். அன்றிரவு ஜோவின் சினத்தைப்பற்றி அன்னை பேசுமிடத்துத் தானும் நாள்தோறும் சினத்தோடு போராடுபவள் என ஒப்புக்கொள்ளும் பகுதி நாவலின் சிகரங்களுள் ஒன்று.

இந்நிகழ்ச்சியில் ஒரு நுட்பம் உண்டு. இரு வீட்டாரின் நகை வட்டத்திலிருந்து ஒருத்தி ஒருநாள் வெளியே நிறுத்தப்பட்டாள். அன்றே நெருப்பு மூண்டது. பிக்விக் சங்கத்தில் லோறியைச் சேர்ப்பதா என்ற வினா எழுந்தபோதும் மெக், அவன் தமது இதழைக் கண்டு எள்ளி நகைப்பானோ என அஞ்சினாள். கூச்சமே வடிவான பெத்தோ அச்சமிருப்பினும் சேர்த்தலே முறை என்று சொன்னாள். உள்ளிருந்து எழும் நகை வளர்ப்பது. வெளியிலிருந்து வரும் எள்ளல் வாட்டுவது. இளையோர்க்கு இவ்விரண்டின் வேறுபாடு நன்கு தெரியும். எள்ளலும் நகைக்கு நிலைக்களமே என்பதைத் தொல்காப்பியரும் சொல்லியுள்ளார். ஆயின் இளமையை அதனின் வேறாக வைத்தே எண்ணினார்.

இரண்டாம் நெருப்பு ஜோவின் கையாலேயே நிகழ்வது. வீட்டை விட்டு நியூயோர்க் நகரம் சென்ற ஜோ, பணத்தின்பொருட்டுப் பரபரப்புக் கதைகளை ஒரு வாரப் பத்திரிகைக்குப் பெயர் குறியாது எழுதுகின்றாள். பத்திரிகை ஆசிரியர், அவள் கதையிற் சேர்த்த அறவுரைகளை வெட்டிவிட்டு மீதியை வாங்குகின்றார். கதைக்குப் பொருள் தேடி அவள் குற்றச்செய்திகளைப் படிக்கின்றாள். நஞ்சுகளைப்பற்றிய நூல்களைக் கேட்டு நூலகத்தாரை ஐயுறச் செய்கின்றாள். அதே விடுதியில் வாழும் ஜேர்மானியப் பேராசிரியர் பேயர், இத்தகைய கதைகள் வந்த ஒரு தாளைக் கண்டு, பிள்ளைகள் கையிற் படுவதற்கு வெடிமருந்தைக் காட்டிலும் இவை தீயன என்னும் கருத்துப்படப் பேசுகின்றார். ஜோ தன் அறைக்குச் சென்று தன் கதைகளை அவருடைய கண்கொண்டு படித்து, நாணி, எல்லாவற்றையும் அடுப்பிலிட்டு எரித்துவிடுகின்றாள். மூன்று மாத உழைப்பு சாம்பலாக, அதற்குப் பெற்ற பணம் மட்டும் மடியிற் கிடக்கின்றது. இதனை ஓர் அறவெற்றியாகவே நாவல் கொண்டாடுகின்றது.

பேயரின் கண்டனத்தில் நியாயம் இல்லையெனல் ஆகாது. ஜோ அக்கதைகளை விரும்பி எழுதினாளல்லள், விற்பதற்கென்றே எழுதினாள். அவற்றை வீட்டாருக்குச் சொல்லவும் அஞ்சினாள். ஒளித்து வைக்கவேண்டிய எழுத்து எழுதுபவரை உள்ளிருந்தே அரிக்கும் என்பது மறுக்கொணாத உண்மை. ஆயினும் சில வினாக்கள் எழுகின்றன. பேயர் கண்டது ஜோவின் பத்திரிகையன்று; அது பிறிதொரு தாள். அவர் ஜோவின் கதையை எடுத்துப் படித்து, இவ்வரி நன்று, இவ்வரி பொய் என்று சொன்னாரல்லர். கதைகளை வாசகனும் காண்பதில்லை. பிக்விக் இதழை முழுமையாகப் பதித்த அம்மையார், நியூயோர்க்கில் எழுதப்பட்ட கதைகளில் ஒரு பக்கத்தையேனும் காட்டவில்லை. வாசகன் தானே தீர்ப்பளிக்கும் உரிமை முதற் பாகத்தில் வழங்கப்பட்டது. இரண்டாம் பாகத்தில் மறுக்கப்பட்டது.

மேலும், கிறிஸ்மஸ் மாலையில் வீட்டார் எல்லாரும் கைதட்டிய நஞ்சும் சிறையும் மாறுவேடமும் நியூயோர்க்கிற் பாவமாகியது எவ்வாறு? பொருள் அதுவே, சூழலே வேறு. வீட்டிலே எழுதியவள் நால்வருள் ஒருத்தி. கோபுரம் சரிந்தால் உடன்நகைக்க மூவர் உண்டு. நகரத்திலே அவள் தனியள், பெயரிலி, கூலிக்கு எழுதுபவள். அங்கே கோபுரம் சரிவதில்லை. சரிந்தாலும் காண்பார் இல்லை. கண்டு நகைப்பார் இல்லை. ஜோவின் கதைகளைக் கெடுத்தது பரபரப்பன்று, தனிமையே என்னும் முடிவுக்கு நாவலின் அமைப்பே இட்டுச்செல்கின்றது. தனிமைக்கு நெருப்பு மருந்தாகாது. எரித்தபின் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அவள் அறமே நிறைந்த கதையொன்றை எழுதுகின்றாள், வாங்குவார் இல்லை. சிறுவர் கதையொன்றை முயல்கின்றாள்; அதுவும் செல்லவில்லை. இறுதியில் மைக்கூட்டை மூடி வைத்துவிடுகின்றாள். தீயது நீங்க நல்லது பிறக்கும் என எதிர்பார்த்த இடத்தில் மௌனமே பிறந்தது.

இம்முடிவுக்கு ஒரு தடை எழுப்பலாம். வீட்டாரின் வட்டம் எப்போதும் நல்ல திறனாய்வு செய்ததா? ஜோ தன் முதல் நாவலை அச்சிடுமுன் வீட்டாரின் கருத்தை வினவினாள். ஒருவர் சேர்க்கச் சொன்னதை ஒருவர் நீக்கச் சொன்னார். எல்லாரையும் மகிழ்விக்க முயன்று எவரையும் மகிழ்விக்காத நூல் உருவாயிற்று. முந்நூறு டொலர் கிடைத்தது. மதிப்புரைகளோ ஒன்றையொன்று மறுத்தன. இத்தடை வலியதே. ஆனால் அங்கே வீட்டார் உடன் ஆடியவர்களாக இல்லை, ஆலோசகராக மாறிவிட்டனர். பிக்விக் சங்கத்தில் நால்வரும் எழுதினர், நால்வரும் நகைத்தனர், நால்வரும் நகைக்கப்பட்டனர். தானும் ஒரு கோபுரம் கட்டிச் சரியவிட்டவனுடைய நகையே பிறர் கோபுரத்தைத் திருத்தவல்லது.

இதனைப் பேயரும் அறியாதவரல்லர் என்பதே வியப்பு. அதே நகரத்து விடுதியில் ஆண்டிறுதி நாளன்று நிகழ்ந்த மாறுவேட விழாவிலே ஜோ, செரிடனது நாடகத்திற் சொற்களைத் தவறாக வழங்கும் மலப்ரொப் அம்மையாராக வேடமிட்டாள். பேராசிரியரோ சேக்சுபியரின் நாடகத்திற் கழுதைத்தலை பெற்ற நெசவாளனாகிய பொற்றமாக வந்தார். புத்தாண்டுக்கு அவர் ஜோவுக்கு அளித்த பரிசும் சேக்சுபியர் நூலே. பேயும் நஞ்சும் கொலையும் சேக்சுபியரிடத்தும் குறைவில்லை. கழுதைத்தலை அணிந்து நகைப்பிக்கத் தெரிந்த அறிஞர், அந்த நகையையே ஜோவின் கதைகளுக்கும் வழங்கியிருந்தால் அடுப்புக்கு வேலை இருந்திராது. இவ்வாறு நிகழாமற் போனமை பேயர் என்னும் பாத்திரத்தின் குறையன்று. அம்மையார் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டின் விளைவெனல் பொருந்தும்.

அக்கட்டுப்பாட்டின் தன்மையை நெடுங்காலம் வாசகர் அறிந்திலர். ‘சிறு மகளிர்’ வெளிவருமுன் அல்கொற் அம்மையார் ஏ. எம். பார்னாட் என்னும் புனைபெயரிற் பரபரப்புக் கதைகள் எழுதியவர். அவற்றுள் ‘முகமூடியின் பின்னே’ எனப் பொருள்படும் கதை 1866 இல் பொஸ்ரன் வாரப் பத்திரிகையொன்றில் வந்தது. வஞ்சினம் பூண்ட பெண்ணொருத்தியைப் பற்றிய வேறொரு கதை நூறு டொலர் பரிசு பெற்று 1863 இல் வெளியாயிற்று. நாவலில் ஜோவும் இத்தகைய கதைக்கு நூறு டொலர் பெறுகின்றாள். இப்புனைபெயரின் உண்மையை லியோனா ரொஸ்ரன்பேர்க் என்னும் ஆராய்ச்சியாளர் 1943 இல் வெளியிட்டார். மட்லின் ஸ்ரேண் 1975 இல் அக்கதைகளிற் சிலவற்றைத் தொகுத்துப் பதிப்பித்தார். ஜோ எரித்தாள், அவளைப் படைத்தவரோ அத்துறையை முற்றாகக் கைவிட்டாரல்லர். ‘சிறு மகளிர்’ பெரும்புகழ் பெற்றபின்னும் 1877 இல் பெயர் குறியாது அத்தகைய நாவலொன்றை வெளியிட்டார். நெருப்பைப் புகழ்ந்தவர் தாம் அதில் நம்பிக்கை வைத்தாரல்லர் என்பது தெளிவு.

இவ்வுண்மை அம்மையாரின் புகழைக் குறைப்பதன்று. வறுமையிற் பெருங்குடும்பத்தைத் தம் எழுதுகோலால் தாங்கியவர் அவர். பெண்பிள்ளைகளின் கையிற் கொடுக்கும் நூலிற் பதிப்பாளரும் பெற்றோரும் எதிர்பார்த்த தீர்ப்பை எழுதினார். ஆயினும் அத்தீர்ப்புக்கு மாறான சாட்சியத்தையும் அதே நூலில் அழியாது வைத்தார். சாட்சியத்தின் வலிமையை அவருடைய பிற்காலச் செய்தியும் உணர்த்தும். அம்மையார் 1888 இல் மறைந்தார். அவரும் தமக்கையாரும் இளமையில் எழுதி வீட்டில் நடித்த நாடகங்கள் 1893 இல் நூலாக வெளிவந்தன. வீட்டார் நகைத்துக்கொண்டே பாதுகாத்த தாள்கள் அவை.

நாவலின் முடிவும் ஈண்டு நினைக்கத்தக்கது. பெத் இறந்துவிட்டாள். துயரிற் கிடந்த ஜோ அன்னையின் தூண்டுதலால், எவரையும் மகிழ்விக்க எண்ணாது, தன் வீட்டாருக்காக ஒரு கதை எழுத, அதுவே உலகத்தாரின் உள்ளத்தைத் தொடுகின்றது. மைக்கூட்டின் மூடியைத் திறந்தது அறவுரையுமன்று, நெருப்புமன்று; இழந்துபோன அந்நால்வர் வட்டத்தின் நினைவே. இறுதி அதிகாரத்தில் ஜோவும் பேயரும் நடத்தும் சிறுவர் பள்ளியில் அப்பிள் பறிக்கும் விழா நிகழ்கின்றது. அன்னையின் அறுபதாம் பிறந்தநாளும் அன்றே. மரங்களின்மேல் ஏறிய சிறுவர் பாட, கீழே முதியோர் கேட்டிருக்கின்றனர். நல்ல நூலொன்று எழுதும் நம்பிக்கையைத் தான் இன்னும் இழக்கவில்லை என்கின்றாள் ஜோ.

மாணவரின் எழுத்தையும் வாசிப்பையும் மேற்பார்வை செய்யும் பொறுப்புடையோர்க்கு இந்நாவல் இவ்வழியிலே பயன்படுகின்றது. மலிவான கதையைப் படிக்கும் இளைஞன் அதனைத் தனியே ஒளித்துப் படிக்கின்றானா, நண்பரோடு கூடி நகைத்துப் படிக்கின்றானா என்று வினவுதல் முதற்கண் வேண்டப்படுவது. ஒளித்துப் படிப்பவனிடமிருந்து நூலைப் பறிப்பது எளிது. அவனுக்கு ஒரு வட்டத்தை அமைத்துக் கொடுப்பதே அரிது. அரியதைச் செய்தாள் மார்ச் குடும்பத்து அன்னை. அவளுடைய வீட்டிலே சரிந்த கோபுரத்தை மறுநாள் மாலையில் மீண்டும் நிறுத்த முடிந்தது. எரிந்த ஏடுகளையோ எவராலும் மீண்டும் எழுத முடியவில்லை.